சித்தியின் மாத்திரைப் போத்தலும் 2005ஆம் ஆண்டு ஆய்வும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் சித்தி, போன விடுமுறையில் ஒரு போத்தலை என் கையில் கொடுத்தார். ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெய் மாத்திரை, 70 ரிங்கிட். சினைப்பைப் புற்றுநோய் மரபணுவையே இது அணைத்துவிடும், அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள் என்று புலனத்தில் வந்த காணொளியைக் காட்டி யாரோ விற்றிருக்கிறார்கள். “நீதான் பல்கலைக்கழகத்துல படிக்கிறியே, உண்மையான்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

பார்த்தேன். காணொளி முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

மெனெண்டெஸ், லுப்பு ஆகியோரின் குழு 2005இல் அமெரிக்காவில் அந்த ஆய்வை வெளியிட்டது. சில புற்றுநோய் உயிரணுக்களில் ஹெர்-2 என்ற மரபணு அளவுக்கு மீறி வேலை செய்து, ‘வளர், பெருகு’ என்று ஓயாமல் தூண்டும் புரதத்தை உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட மார்பக, சினைப்பை உயிரணுக்களில், இந்த எண்ணெயில் உள்ள காமா லினோலெனிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். பிஇஏ3 என்ற இன்னொரு புரதம் கூடியது. அது ஹெர்-2 மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒட்டி அதை அடக்குவது. ஹெர்-2 குறைந்தது. நான் மிகவும் ரசித்தது அடுத்த சோதனையைத்தான். பிஇஏ3 ஒட்டும் இடத்தை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் அமிலத்தைக் கொடுத்தார்கள், அடக்கம் நடக்கவில்லை. விசை எங்கே இருக்கிறது என்பது அப்போது பிடிபட்டது. டிராஸ்டுசுமாப் மருந்தையும் சேர்த்தபோது உயிரணுக்கள் இன்னும் கூடுதலாக மடிந்தன.

நல்ல அறிவியல்தான். ஆனால் எல்லாம் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த உயிரணுக்கள். மாத்திரை விழுங்கிய நோயாளி ஒருவரும் அதில் இல்லை. தட்டில் அமிலம் நேராக உயிரணுவைச் சேர்கிறது. சித்தியின் 1,000 மில்லிகிராம் மாத்திரையிலோ அந்த அமிலம் ஏறக்குறைய 100 மில்லிகிராம்தான் இருக்கும். அதுவும் செரித்து, கல்லீரலைக் கடந்து, வேறு கொழுப்பு அமிலமாகவும் மாறுகிறது. தவிர, சினைப்பைப் புற்றுநோய்களில் சிறுபகுதியில்தான் ஹெர்-2 மிகையாக இருக்கிறது. காணொளியில் இந்தப் பேச்சே இல்லை.

இந்த மாத்திரை விலைபோவதற்குக் காரணம் அறியாமை மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. இந்நோயை முன்கூட்டியே கண்டறிய நம்பகமான பொதுப் பரிசோதனை கிடையாது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பயன்படுமா என்று பார்த்த பெரிய ஆய்வு, அதனால் மரணம் குறையவில்லை என்று 2021இல் அறிவித்தது. கைக்கு எதுவும் இல்லாதபோது போத்தல் வந்து நிற்கிறது.

“சரி, இதை ஏன் வாங்கினீங்க?” என்று கடைசியில்தான் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது அது. இரண்டு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறதாம். நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறதாம். வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வாரக்கணக்கில் விடாத வயிற்று உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர்: மருத்துவர்கள் கவனிக்கச் சொல்லும் அறிகுறிகள் இவைதான். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

மறுநாள் தானா ராத்தாவில் அரசு மருத்துவரைப் பார்க்க அழைத்துப் போனேன். கட்டணம் 1 ரிங்கிட். ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.