செம்பைப் பிடிக்கும் மருந்தும் ஒரு வகுத்தல் கணக்கும்



"கம்பெனிக்காரன் கொள்ளை லாபம் பார்த்தால்தான் சார் புது மருந்து வரும்" என்று போன வாரம் பழைய மாணவர் ஒருவர் என் பதிவின் கீழே எழுதியிருந்தார். மருந்துக் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கும் பிள்ளை. இருந்தாலும் தம்பி, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. மரபணுக் கோளாறு. சாப்பாட்டில் வரும் செம்பைக் கல்லீரல் சரியாக வெளியேற்றாது. அது கல்லீரலிலும் மூளையிலும் படியும். மருந்து இல்லையென்றால் சாவுதான். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தவும் கூடாது.

அந்த மருந்து எப்படி வந்தது? ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டர், பெனிசிலின் உடலில் சிதையும்போது உண்டாகும் பெனிசிலமைன் என்ற சின்ன மூலக்கூறின் அமைப்பைப் பார்த்தார். இது செம்பைப் பிடிக்குமே என்று யோசித்தார். நோயாளிக்குக் கொடுக்கும் முன் தானே விழுங்கிப் பார்த்தார். 1956இல் வெளியிட்டார். பிடித்த செம்பு சிறுநீரோடு போய்விடும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காக 1969இல் கேம்பிரிட்ஜில் டிரையன்டீனைக் கொண்டுவந்தார். நான்கு நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து செம்பைக் கவ்வும், நண்டுக் கொடுக்கு மாதிரி. (இந்த வகை மருந்துக்குச் 'சீலேட்' என்ற பெயரே கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கிலிருந்து வந்ததுதான்!) கொள்ளை லாபம் பார்த்தா இதையெல்லாம் செய்தார் அந்த மனுஷன்? எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியைப் பார்த்துச் செய்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியன்தான், வேதியியல் மேதை இல்லை. ஆனால் வகுத்தல் தெரியும். அமெரிக்காவில் இதே டிரையன்டீன், 'சிப்ரின்' என்ற பெயரில், 2010இல் 100 மாத்திரை 652 டாலர். வேலியன்ட் கம்பெனியின் கைக்குப் போனபின் 2015இல் 21,267 டாலர். 32 மடங்குக்கும் மேல்! மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. போட்டிக்கு ஆள் இல்லை, சாப்பிடாவிட்டால் உயிர் போகும், அவ்வளவுதான் காரணம். 2018இல் டெவா கம்பெனி போட்டியாக அதே மருந்தைக் கொண்டுவந்தது. பட்டியல் விலை 18,375 டாலர். இதற்குப் பெயர் போட்டியாம்!

புது மூலக்கூறு வடிவமைக்கச் செலவாகும், அந்தப் பணம் திரும்பி வரவேண்டும், சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் வால்ஷ் கண்டுபிடித்து 40 வருஷம் கழித்து ஏறிய இந்த 20,615 டாலரில் ஆராய்ச்சிச் செலவு எவ்வளவு தம்பி? கீழே எழுதிக் காட்டு. படிப்படியாக, பக்கக் கணக்கோடு.