சான்று கேட்பவர் வழியும் காட்டட்டும்



2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் புதியவர்கள் எழுதிப் பழக மணல்தொட்டி உண்டு, கேள்வி கேட்க ஆலமரத்தடியும் உண்டு. நல்ல பெயர்கள்தான்! ஆனாலும் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை ஒன்று கண்ணகி குளிர்த்திச் சடங்கு பற்றியோ வடமோடிக் கூத்து பற்றியோ எழுதப்போனால், ‘சான்று தேவை’ என்ற குறிப்பில்தான் முட்டிக்கொள்ளும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வாயால் சொன்னதற்கு எங்கே போய்ச் சான்று தேடுவது? சான்று கேட்கும் விதி சரியானதே, குறிப்பை ஒட்டிவிட்டுப் போய்விடுவதுதான் சரியில்லை. ‘நூலகம்’ என்னும் இணையத்தளத்தில் மட்டக்களப்பு நூல்கள் இருக்கின்றன. அந்த இணைப்பைக் கொடுத்தாலே போதும், மிச்சத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். வழி காட்டாவிட்டால் புதியவர்கள் விலகிப்போவார்கள்: ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பின் பங்களிப்பாளர் குறைந்ததற்கு, புதியவர்களின் திருத்தங்கள் சட்டென்று நீக்கப்பட்டதும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பழைய பயனர்களே, குறிப்பை ஒட்டும்போதும் திருத்தத்தை நீக்குமுன்னும் பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள்.

வாசகர் ஒருவர்,
தேற்றாத்தீவு.