இத்தாலிக்கு ரைஸ் குக்கர் எதற்கு?

இத்தாலியின் விசென்சா நகரில் ஒவ்வொரு வருடமும் ஜனவரியிலும் செப்டெம்பரிலும் தங்க, ஆபரணக் கண்காட்சி நடைபெறுகிறது. 1954 இல் ஆரம்பமான இந்தக் கண்காட்சிக்கு நம் நாட்டு மாணிக்கக்கல் வியாபாரிகளும் போய் வருகின்றனர். முதன்முறையாகப் போக ஆயத்தமாகும் இளைஞர்கள் என்னிடம் வந்தால், கல்லைப் பற்றியோ வாங்குபவரைப் பற்றியோ கேட்பது குறைவு. "ஹாஜியார், அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான் முதல் கேள்வி. கேள்வி நியாயமானது. அதற்கு நாமே கண்டுபிடித்து வைத்திருக்கும் பதில்தான் பிழையானது. ஒரு பெரிய பெட்டி, அதற்குள் அரிசி, மாசிச் சம்பல், டின் மீன், பொரித்த இறைச்சி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரைஸ் குக்கர்.

நானும் அப்படித்தான் முதல் தடவை போனேன். முப்பது கிலோ பெட்டி ஒன்று, தோளில் ஒரு பை, இடுப்பில் கற்கள் இருந்த பொதி. மிலான் ரயில் நிலையத்தில் பெட்டியைப் படியில் ஏற்ற முடியாமல் நான் திண்டாடும்போது ஓர் இளைஞன் ஓடி வந்து உதவினான். உதவி முடிந்து, ரயிலும் புறப்பட்ட பிறகுதான் சட்டைப் பையிலிருந்த பணப்பை போனது தெரிந்தது. கற்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இலட்சக்கணக்கான பெறுமதியுள்ள கல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் அரிசிக்கும் குக்கருக்கும் கொடுத்தவன் எப்படிப்பட்ட வியாபாரி?

அத்துடன் முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு பட்டறை முதலாளி என் நீலக்கற்களைப் பார்த்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம் என்றார். நான் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு அறைக்குப் போய்ச் சோறும் சம்பலும் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது அவர் வேறொருவருடன் உட்கார்ந்திருந்தார். இத்தாலியரின் வியாபாரத்தில் பாதி மேசையில்தான் நடக்கிறது. கண்காட்சிக் கூடத்தில் விலையைக் கேட்பார்கள், சாப்பாட்டு மேசையில் ஆளைப் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் பேச வேண்டும். அவர்களுடைய மேசையில் மது இருக்கும். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வது நமக்கு ஆகாது. அதில் வியாபாரத்துக்காக விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் வயிற்றைக் காரணம் காட்டிப் பொய் சொல்வதும் மார்க்கம் அல்லவே. அடுத்த தடவை முதல் நாளே சொல்லிவிட்டேன்: நான் முஸ்லிம், பன்றியும் மதுவும் உள்ள மேசையில் அமர மாட்டேன், மீன் சாப்பிடுவேன் என்று. மனிதர் கோபிக்கவில்லை. மறுநாள் எங்கள் மேசையில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் இருந்தன. பக்கத்து மேசையில் மற்றவர்கள் குடித்துக்கொண்டிருக்கும் கடையில் அமரலாமா என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பேணுதலை விரும்புபவர் பீட்சாத் துண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சாப்பிடலாம். அங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

அன்று எனக்குக் கிடைத்த சாப்பாட்டைச் சொல்லாமல் விட மனமில்லை. விசென்சாவின் பேர்போன உணவு கருவாடு! நோர்வேயிலிருந்து வரும் காய்ந்த கொட் மீனை நாட்கணக்கில் ஊற வைத்து, வெங்காயம், ஒலிவ் எண்ணெய், பால் சேர்த்து மணித்தியாலக் கணக்கில் மெல்லிய தணலில் வேக வைத்து, சோளமாவுக் களியுடன் தருவார்கள். பக்கலா என்று பெயர். 1432 இல் நோர்வேயின் ஒரு தீவில் கரையொதுங்கி உயிர் தப்பிய குவெரினி என்ற வெனிஸ் வணிகர்தான் இந்த மீனை அங்கிருந்து கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். கப்பலையும் சரக்கையும் இழந்த வியாபாரி கருவாட்டோடு ஊர் திரும்பியிருக்கிறார். நம்மவர்களோ கருவாட்டு ஊருக்குக் கருவாடு சுமக்கிறோம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பாண், ரொட்டி வகைகளில் சில இடங்களில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள்; அதற்கு ஸ்த்ரூத்தோ என்று பெயர். எமிலியா ரொமாஞ்ஞா பக்கத்துப் பியாதினா ரொட்டியில் இது வழமை. நேப்பிள்ஸ் முறைப்படி செய்யும் பீட்சா மாவில் மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும்தான். மரினாரா என்று கேட்டால் தக்காளி, பூண்டு, எண்ணெயுடன் வரும், பாற்கட்டியும் இராது. பார்மிஜானோ பாற்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கப்படுவது, இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரிசொத்தோவில் வைன் ஊற்றுவார்கள், திரமிசுவில் பெரும்பாலும் மது இருக்கும். "சென்சா மயாலே, சென்சா வினோ" என்ற நான்கு சொற்களை மனனம் செய்தால் போதும். பன்றி இல்லாமல், வைன் இல்லாமல் என்று அர்த்தம். மிலானிலும் வெரோனாவிலும் நம் நாட்டுச் சிங்களச் சகோதரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சோறு தேடினால் கிடைக்கும். ஆனால் ஊர்க்காரர் கடை என்பதற்காக இறைச்சியும் ஹலால் என்று எண்ணிவிடாதீர்கள்.

செலவைப் பற்றிப் பயப்படுகிறார்கள். கோப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, அதே கடையில் உட்கார்ந்தால் பல இடங்களில் வேறு விலை. பில்லில் கொபெர்த்தோ என்று ஆளுக்கு ஓரிரண்டு யூரோ போடுவார்கள், அது பாணுக்கும் மேசைக்கும் உரியது. ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடிக்க வேண்டாம், மெனுவில் எழுதியிருப்பார்கள். பகல் இரண்டரைக்குப் பிறகு அநேகமான சமையலறைகளை மூடிவிடுவார்கள், இரவு ஏழரை வரை திறக்க மாட்டார்கள். லுஹரைத் தொழுதுவிட்டு ஆறுதலாகப் போய்ச் சாப்பிடுவோம் என்றிருந்தவர்கள் பட்டினி கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பெட்டி. இறைச்சியும் பாலுணவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டு போகத் தடை. சுங்கத்தில் பிடிபட்டால் பறிமுதல்தான். கண்காட்சி நாட்களில் விசென்சாவில் அறை விலை ஏறிவிடும் என்பதால் பலர் பாதுவாவிலோ வெரோனாவிலோ தங்கி ரயிலில் வருவார்கள். வெனிஸைப் பார்க்க ஆசைப்பட்டால் அங்கே நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். சில்லுப் பெட்டியால் பயனில்லை. விமானத்துக்குள் கொண்டு போகும் கைப்பெட்டி ஒன்று போதும்: ஒரு கோட், இரண்டு காற்சட்டை, நான்கு சேர்ட், ஜனவரியென்றால் உள்ளே அணியும் கம்பளி உடுப்பு, மெல்லிய முஸல்லா. கற்களுக்கு உரிய ஏற்றுமதிக் கடிதங்கள் எப்போதும் கைப்பையில். கற்களை ஒருபோதும் விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் போடக்கூடாது.

கடந்த தடவை நான் எட்டுக் கிலோவோடு போனேன். மனைவிக்குத்தான் சமாதானமில்லை. பெட்டியின் ஓரத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு சிறிய போத்தல் சம்பல் வைத்திருந்தார். அதைப் பட்டறை முதலாளிக்குக் கொடுத்தேன். அடுத்த முறை இரண்டு போத்தல் கேட்டிருக்கிறார்.