30 விழுக்காடு தயாரிப்பாளருக்கு, தொழிலாளருக்கு என்ன?

மலேசியாவில் படம் எடுப்போருக்கு அரசாங்கம் வழங்கும் சலுகை சிறியதல்ல. 2013-இல் தொடங்கிய ‘ஃபிமி’ ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், இந்நாட்டில் செய்யப்படும் தகுதிபெற்ற தயாரிப்புச் செலவில் 30 விழுக்காடு ரொக்கமாகத் திரும்பக் கிடைக்கிறது. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ் இதைக் கையாள்கிறது. வரிவிலக்கு இலாபம் ஈட்டியவருக்கே உதவும். இதுவோ படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிடைக்கும் மக்கள் பணம்.

தங்குவிடுதி, வாகனம், படப்பிடிப்புத் தள வாடகை ஆகியவற்றோடு மலேசியத் தொழிலாளர்களின் ஊதியமும் இச்செலவுக் கணக்கில் அடங்கும். வேலைவாய்ப்பு பெருகும் என்பதே இத்திட்டத்திற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். ஆனால், அந்த வேலை எத்தகையது?

விளக்கு அமைப்பவர், ஒப்பனையாளர், ஒலிப்பதிவு உதவியாளர் எனப் பலரும் படத்துக்குப் படம் அமர்த்தப்படுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்திற்கு 45 மணி நேர வரம்பை விதிக்கிறது. அது முதலாளி–ஊழியர் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கே பொருந்தும். தனிப்பட்ட முறையில் சேவை வழங்குபவர் என்று கருதப்படுவோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முதலாளி செலுத்தும் இபிஎஃப் சந்தாவும் இல்லை. 12 மணி நேரப் படப்பிடிப்பு இத்துறையில் புதிதன்று. சம்பளம் தாமதமானால் எங்கே முறையிடுவது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்ட மசோதா இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. மின்-அழைப்பு ஓட்டுநர்களோடு திரைப்படத் துறையினரையும் அது உள்ளடக்குகிறது. சேவை ஒப்பந்தம், சமூகப் பாதுகாப்புச் சந்தா, தகராறுகளைத் தீர்க்கத் தீர்ப்பாயம் ஆகியவை அதன் முக்கியக் கூறுகள்.

எனினும், நமது தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கு இதில் ஒரு நெருக்கடி உண்டு. ஃபிமி தொடக்கத்தில் வகுத்த விதிப்படி, உள்ளூர்த் தயாரிப்பு குறைந்தது 25 லட்சம் ரிங்கிட் செலவிட வேண்டும். மலேசியத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அதற்கு வெகு கீழான செலவில் உருவாகின்றன. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வான ‘ஜகாட்’ போன்ற படைப்புகள் இத்தகைய சிறு முயற்சிகளிலிருந்தே பிறக்கின்றன. தொழிலாளர் நலனுக்கான பொறுப்பு அனைவருக்கும் வரும்போது, சலுகை மட்டும் பெரிய நிறுவனங்களுக்கு என்றால் நியாயமாகாது.

தீர்வு கடினமானதன்று. படம் முடிந்து கணக்குகள் தணிக்கை செய்யப்பட்ட பிறகே ஃபிமி தொகை வழங்கப்படுகிறது. அதே கணக்கோடு ஒப்பந்தம், ஊதியம், சொக்சோ செலுத்தியதற்கான சான்றுகளையும் கேட்கலாம். அதற்கு ஈடாக, சிறு படங்களுக்கான செலவு வரம்பைத் தளர்த்தலாம். விடுதிக் கட்டணத்திற்கு ரசீது கேட்கும் அரசாங்கம், விளக்குப் பிடித்தவருக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்பதில் தவறில்லை.