சான்றிதழே முடிவல்ல!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்களுக்குச் சடையப்ப வள்ளலும் கம்பரும் நினைவுக்கு வருவர். எனக்கோ ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. பெரியபுராணம் கூறும் வழக்கு அது.

மணக்கோலத்தில் அமர்ந்திருந்த சுந்தரரை முதியவர் ஒருவர் வந்து தடுக்கிறார். "உன் பாட்டன் எழுதித் தந்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்கிறார். சினம் கொண்ட சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்து எறிகிறார். வழக்கு நம் ஊர் அவைக்கு வருகிறது. அவையினர் முதியவரின் தோற்றத்தைக் கண்டு மயங்கவில்லை. சுந்தரரின் செல்வாக்கைக் கண்டு அஞ்சவும் இல்லை. சான்று கேட்கின்றனர். மூல ஓலை வெளிவருகிறது. அதைப் பாட்டனின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

பக்தி ஒருபுறம் இருக்கட்டும். எந்த ஆவணத்தையும் கேள்வி கேட்கலாம், ஒப்பிட்டுப் பார்க்கலாம், காரணம் கண்ட பின்பே தீர்ப்புக் கூற வேண்டும் என்ற நெறி இக்கதையில் இருக்கிறது அன்றோ? அந்த ஊரில் பிறந்த நாம் ஒரு தாளின் முன்னால் மட்டும் வாய்மூடி நிற்கிறோம். அதுதான் மாற்றுத்திறனாளிக்கு மருத்துவர் வழங்கும் சான்றிதழ். அதில் எழுதப்பட்ட எண்ணைத் தலையெழுத்து என்றே நம் மக்கள் எண்ணுகின்றனர். அது தலையெழுத்து அன்று, கையெழுத்து, கையெழுத்தில் பிழை நேரலாம், நேர்ந்தால் திருத்தலாம். இதைச் சொல்லவே இக்கட்டுரை.

எண்ணும் எல்லைக்கோடும்

ஊனமுற்றோர் என்ற சொல்லை விடுத்து, மாற்றுத்திறனாளி என்ற சொல்லை நம் மாநிலம் ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்தது.

சொல் மாறியது; சட்டம் மாறியது. ஆயினும் எல்லாக் கதவுகளுக்கும் திறவுகோல் அந்த விழுக்காடுதான். 40 விழுக்காடு இருந்தால்தான் உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடும் அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடும் கேட்கலாம். கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகையைப் பெற 75 விழுக்காடு வேண்டும். 2023 ஜனவரி முதல் அத்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்துக்கோ 80 விழுக்காடு தேவை.

74 என்று எழுதினால் ஒன்றுமில்லை. 75 என்று எழுதினால் இரண்டாயிரம். இந்த ஒரு புள்ளிக்குள் ஒரு குடும்பத்தின் அரிசியும் மருந்தும் அடங்கிக் கிடக்கின்றன. அவ்வளவு கனமான எண்ணை, கூட்டம் நிறைந்த ஒரு முற்பகலில், சில நிமிடங்களில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அத்தை சொன்ன பதில்

என் அத்தைக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரு கால்களும் சூம்பின. இடக்காலில் பாதிப்பு மிகுதி. வலக்காலில் சற்றுக் குறைவு. இடக்கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக நடப்பார். மல்லிகையும் கனகாம்பரமும் கட்டிக் கொடுத்துப் பிழைப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். என் முதற்பருவத் தேர்வுக் கட்டணம் அத்தை கட்டிய பூவிலிருந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அரசு மருத்துவமனை ஒன்றில் அவருக்குச் சோதனை நடந்தது. விடியற்காலையில் எழுந்து குளித்து, உள்ளதில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு புறப்பட்டார். பெரிய டாக்டர் முன்னால் அழுக்காக நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

"நடப்பீங்களாம்மா?"

"நடப்பேன் சார்."

"வீட்டு வேலையெல்லாம் யார் செய்யறது?"

"நானேதான் சார். யாருக்கும் பாரமா இருந்ததில்ல."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால், தெருக்குழாய்க்குப் போய் வருவதற்குள் இருமுறை திண்ணையில் உட்கார்ந்து எழுவதை அவர் சொல்லவில்லை. மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் படுத்திருந்ததையும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தம் இயலாமையை மறைத்து வாழ்ந்தவர், அதை ஒரே நிமிடத்தில் அயலார் முன் விரித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தன்மானம் மிக்கவருக்கு அங்கே மதிப்பெண் குறைகிறது! இது கொடுமையன்றோ?

வந்த சான்றிதழில் 60 விழுக்காடு என்று இருந்தது. உதவித்தொகைக்குத் தகுதியில்லை. "நமக்கு எழுதி வச்சது இவ்வளவுதான், வுடு கண்ணு" என்று சொல்லி, அதை நெகிழி உறையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டார். ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தத் தாளைப் படிக்க அப்போது எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

ஒரு சூத்திரம்

சென்ற ஆண்டு விடுமுறையில் குடும்ப அட்டையைத் தேடியபோது அந்த உறை என் கையில் சிக்கியது. முதன்முறையாக முழுவதும் படித்தேன். பாதிக்கப்பட்ட உறுப்பு என்ற இடத்தில் இடக்கால் என்று மட்டுமே இருந்தது. வலக்காலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

மத்திய அரசு 2018இல் அரசிதழில் வெளியிட்டு, 2024இல் திருத்திய மதிப்பீட்டு வழிகாட்டுதல்களைத் தேடிப் பிடித்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புகளைச் சேர்த்துக் கணக்கிட அங்கே ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய எண்ணை அ என்றும் சிறிய எண்ணை ஆ என்றும் கொண்டால்,

அ + ஆ (90 − அ) ÷ 90

இதன்படி 60உம் 30உம் சேர்ந்தால் 90 ஆகாது, 70தான் ஆகும். எனவே இரண்டாவது காலைச் சேர்த்துவிட்டால் உதவித்தொகை தானாகக் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் சேர்க்காமலே விட்டால் ஒருபோதும் கிடைக்காது. வகுப்பறையில் எத்தனையோ சூத்திரங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். என் வீட்டு உலைக்கு உதவும் சூத்திரத்தை அன்றுதான் கண்டேன்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, சான்று வழங்கிய அதிகாரியின் முடிவில் மனக்குறை உள்ள எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. இரண்டு பக்கத்தில் மனு எழுதினேன். அழுகையும் புலம்பலும் அதில் இல்லை. வலக்கால் சோதிக்கப்படவில்லை, இன்னின்ன பழைய மருத்துவச் சீட்டுகள் உள்ளன, மறுசோதனை வேண்டும் என்ற மூன்று செய்திகள் மட்டுமே. நகல் எடுத்து, ஒப்புகை பெற்று, மூன்று முறை அலைந்தோம். "முன்னமே கொடுத்துட்டாங்களே, இன்னும் என்ன?" என்று கேட்டவர்களும் உண்டு. "இருங்க தம்பி, பாக்கறேன்" என்று எழுந்து வந்து கோப்பைத் தேடிய ஒரு நல்ல எழுத்தரும் உண்டு.

நான்கு மாதம் கழித்து மறுசோதனைக்கு அழைப்பு வந்தது. இம்முறை மருத்துவர் இரு கால்களையும் அளந்தார். வலக்காலுக்கு 48. சூத்திரத்தில் இட்டால் 60உம் 16உம் சேர்ந்து 76. கோட்டைத் தாண்டி ஒரே ஒரு விழுக்காடு மிச்சம்! அத்தையின் கால்கள் அந்த நான்கு மாதத்தில் மாறிவிடவில்லை. அளவு மட்டுமே மாறியது.

எது குறை?

முதலில் சோதித்த மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவருக்கு அன்று எத்தனை பேர் காத்திருந்தனரோ! குறை முறையில் இருக்கிறது. தகுதியில்லை என்று மறுத்தால் அதன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மறுக்காமல், குறைத்துக் கொடுத்தால்? எண் மட்டும் வருகிறது. அந்த எண் பிறந்த கணக்கு வருவதில்லை. கணிதத் தேர்வில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் நம் ஆசிரியர்கள் முழு மதிப்பெண் தருவார்களா? மாணவனுக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு சான்றிதழுக்கும் வேண்டும். எந்த உறுப்பு, எந்த அளவு, எப்படிச் சேர்த்தது என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

"போலிச் சான்றிதழ்கள் பெருகிவிட்டன, கண்டிப்பு வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். வேண்டும். வழிமுறையை எழுதிவைத்தால் போலியும் அதிலேயே அகப்படுவான். ஒளிவுமறைவு போலிக்கே துணை; உண்மையானவனுக்கு அன்று.

முடிவு மாறும் என்பதற்கு நீதிமன்றங்களே சான்று. நம் மாநிலத்தின் உரிமையியல் நீதிபதித் தேர்வில் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு வரை உள்ளோரே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. 70 விழுக்காடு குறைபாடு கொண்ட சுரேந்திர மோகன் என்னும் வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை ஏற்றது. குறைந்தால் அங்கே மறுப்பு. மிகுந்தால் இங்கே மறுப்பு! ஆனால் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை இனி முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்றது. 2025 மார்ச்சில், பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்றே தீர்ப்பளித்தது.

2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் என்னும் மாணவரின் வழக்கிலும் இவ்வாறே. பேச்சுக் குறைபாடு 40 விழுக்காட்டைத் தாண்டியது என்பதற்காக மட்டும் மருத்துவப் படிப்பை மறுக்கக் கூடாது, அவரால் படிக்க இயலுமா என்பதைக் குழு ஆராய்ந்து எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. செல்வம் கொழிக்கும் இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 2013 முதல் வழங்கப்படும் உதவித்தொகைக்கும் இப்படி ஒரு மதிப்பீடு உண்டு. அதில் மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம் வரை சென்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வென்றிருக்கின்றனர். செல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை யார் எண்ணுவது?

நம் கடமை

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நம் வீட்டாருக்கு வரும் கடிதத்தை முதலில் படிப்பவர்கள் நாமே. பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகுதான் குடும்பத்துக்கு உதவ முடியும் என்பதில்லை. ஒரு தாளைச் சரியாகப் படித்தாலே உதவிதான்.

சோதனைக்குப் போகும் உறவினரிடம் பொய் சொல்லச் சொல்ல வேண்டாம். முழு உண்மையையும் சொல்லச் சொல்வோம். நடக்க முடிகிறது என்பதோடு, எத்தனை அடிக்கு ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லட்டும். பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லட்டும். சான்றிதழ் வந்ததும் உறுப்பின் பெயரைச் சரிபார்ப்போம். பிழை கண்டால் எழுதுவோம். எழுதியதற்கு ஒப்புகை பெறுவோம்.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாம் செல்லும் ஊர்களில் மரம் நடுகிறோம், தெருவைத் தூய்மை செய்கிறோம். அவற்றோடு ஒரு மேசையும் போடுவோம். சான்றிதழ்களைப் படித்துச் சொல்லவும் மனு எழுதித் தரவும் இருவர் அமர்ந்தால் போதும். இதற்குப் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

தொடங்கிய கதைக்கே வருகிறேன். அதே சுந்தரர் பிற்காலத்தில் பார்வை இழந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் முறையிட்டார், வெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அது போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. மீண்டும் முறையிட்டுக் காஞ்சியில் ஒரு கண்ணைப் பெற்றார். ஆரூர் சென்று மறு கண்ணையும் பெற்றார். தெய்வத்திடமே மும்முறை முறையிடலாம் எனில், மனிதர் எழுதிய தாளின் முன் நாம் ஏன் ஒரு முறையிலேயே ஓய்ந்துவிட வேண்டும்?

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு நெகிழி உறை இருக்கலாம். இன்றிரவே எடுத்துப் படியுங்கள்.