உயர்ந்த விலையா, உயர்ந்த தரமா?



‘விலை கூடினால் தரமும் கூடும்’ என்ற எண்ணம் நம் மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றி விட்டது. துணிக்கடையில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். பெட்ரோல் பங்கிலும் உண்மைதானா? இந்த வினாவை என்னுள் எழுப்பியவர் என் தந்தை.

அவர் தாம்பரத்தில் ஒரு வீட்டில் கார் ஓட்டுநர். அண்மையில் அவ்வீட்டுக்கு ஒரு ஹைபிரிட் கார் வந்தது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் வண்டி. “இவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம், பிரீமியமே போடுங்கள்” என்று முதலாளி சொல்லிவிட்டார். ஜி.எஸ்.டி. சாலையில் அதைப் போட்டுப் பழகிய என் தந்தை, தம் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் அதையே போடத் தொடங்கினார். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். மாதம் இருபது லிட்டர் என்றால் நூற்றைம்பது ரூபாய். எங்கள் வீட்டில் அது சிறு தொகையன்று.

ஒருநாள் இரவு கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தவர், “ஏம்மா, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? எது நல்லதுன்னு சொல்லேன்” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. எனக்கோ விடை தெரியவில்லை! வெட்கத்தோடு மறுநாள் நூலகத்துக்குச் சென்றேன்.

எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்படுகின்றன. பொறி தோன்றிய பின், சுடர் முறையாகப் பரவி அக்கலவை எரிய வேண்டும். சுடர் வந்து சேருமுன் ஒரு பகுதி தானாகவே வெடித்தால் எஞ்சின் தட்டும். அதைத் தாங்கும் திறனைக் குறிப்பதே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். ஆகவே ஆக்டேன் எண் வலிமையின் அளவன்று, பொறுமையின் அளவு. அந்தப் பொறுமை தேவைப்படாத எஞ்சினுக்கு அதை விலை கொடுத்து வாங்குவானேன்?

ஹைபிரிட் காருக்கு அது தேவையா? 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் தொடங்கி, பல ஹைபிரிட் கார்களில் அட்கின்சன் முறை எஞ்சினே உள்ளது. இதில் காற்று நுழையும் வால்வு தாமதமாக மூடும். உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியேறுவதால், ஏட்டில் காணும் அமுக்க விகிதத்தைவிட உண்மையான அமுக்கம் குறைவு. அதனால் இவ்வகை எஞ்சின்களுக்குச் சாதாரண பெட்ரோலே பெரும்பாலும் போதும். என் தந்தை ஓட்டும் காரின் கையேட்டிலும் ‘91 அல்லது அதற்கு மேல்’ என்றே கண்டிருந்தது. கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் அதைத் திறந்ததே இல்லை.

பிரீமியமே வீண் என்று நான் வாதிடவில்லை. அதிக அமுக்கம் கொண்ட, டர்போ பொருத்திய சில எஞ்சின்களுக்கு 95 வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் அதைப் போடத்தான் வேண்டும். பிரீமியத்தில் எஞ்சினைத் தூய்மையாக வைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுவதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று சாதாரண பெட்ரோலிலேயே 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலின் ஆக்டேன் எண் மிக அதிகம். எனவே 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு 95 என்பதே தர அளவு. ஆனால் எத்தனாலில் ஆற்றல் குறைவு. பழைய அமைப்புள்ள இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையக்கூடும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே கூறியது. எண் ஏறினால் ஆற்றலும் ஏறும் என்பது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

என் வேண்டுகோள் இதுதான். ஆக்டேன் எண் எவ்வளவு, எத்தனால் எத்தனை விழுக்காடு என்பதை ஒவ்வொரு பங்கிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். வண்டிக் கையேட்டையும் தமிழில் தர வேண்டும். ‘பிரீமியம்’ என்ற ஒரு சொல்லைக் காட்டி ஏழையின் பையிலிருந்து பணம் எடுப்பது முறையாகாது.

இவற்றையெல்லாம் தந்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், “முதலாளி வண்டிக்கு அவர் சொன்னதைப் போடுவேன். என் வண்டிக்கு இனிமேல் நீ சொன்னதைப் போடுவேன்” என்றார். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி, தேர்வில் முதலிடம் பெற்றிருந்தாலும் உண்டாகியிருக்காது.

தோழர்களே! நாம் ஆய்வுக்கூடத்தில் கற்பது விடைத்தாளோடு முடிந்துவிடக் கூடாது. மின்ரயிலேறி நம்மோடு அது வீடு வந்து சேர வேண்டும். நம்மைப் படிக்க அனுப்பியவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் தவணை அதுவே.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்