மாடியில் நெல் விளையுமா?

நிலம் இல்லாமல் விவசாயம்! மண் இல்லாமல் பயிர்! வெயில் இல்லாமல் விளைச்சல்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவிலும், ஜப்பானிலும், சிங்கப்பூரிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒரு பெரிய கட்டிடம். அதற்குள் அலமாரி போல அடுக்கடுக்காகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் பயிர். வேருக்கு, உரம் கரைத்த தண்ணீர். தலைக்கு மேலே, சூரியனுக்குப் பதிலாக மின்சார விளக்கு. "அடுக்குப் பண்ணை" என்று சொன்னால் நமக்குப் புரியும்.

இதைக் கேட்டதும் தஞ்சாவூர்க்காரருக்கு ஒரு கேள்வி எழும். "அப்படியானால் நெல்லும் மாடியில் விளையுமா? மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்துக் கிடக்க வேண்டாமே!"

நியாயமான கேள்விதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ந்தேதி திறப்பது வழக்கம். 2024-ம் ஆண்டில் தண்ணீர் போதவில்லை. ஜூலை 28-ந்தேதிதான் திறந்தார்கள். ஆற்று நீரை மட்டும் நம்பியிருந்த குறுவைக்கு அது காலம் கடந்து வந்த தண்ணீர். இப்படி அடிபட்டவர்கள் மாடியைப் பார்ப்பதில் தப்பில்லை.

வகுப்பில் பிறந்த யோசனை

நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே டிக்சன் டெஸ்போமியர் என்று ஒரு பேராசிரியர். 1999-ம் ஆண்டு அவருடைய மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். "நகரத்தின் மொட்டை மாடிகளில் எல்லாம் பயிர் செய்தால் எத்தனை பேருக்குச் சாப்பாடு போடலாம்?"

விடை: நூற்றுக்கு 2 பேருக்கு!

மாணவர்கள் சோர்ந்து போனார்கள். பேராசிரியர் விடவில்லை. "மாடிக்கு மேலே ஒரே ஒரு வயல்தான். கட்டிடத்துக்கு உள்ளேயே மாடிக்கு மாடி பயிர் வைத்தால்?" என்று கேட்டார். உலகம் முழுவதும் பரவிய யோசனை அதுதான்.

சிங்கப்பூரில் 2012-ல் "ஸ்கை கிரீன்ஸ்" என்ற பண்ணை கீரை விற்கத் தொடங்கியது. 9 மீட்டர் உயரக் கோபுரங்கள். அவற்றில் தட்டுகள் ராட்டினம் போல மெல்லச் சுற்றும். மேலே போகும் தட்டு வெயில் குடிக்கும். கீழே வரும் தட்டு தண்ணீர் குடிக்கும். ஒரு கோபுரத்தைச் சுற்ற 60 வாட் மின்சாரம் போதும். ஒரு பழைய குண்டு பல்பு எரிகிற செலவு! கெட்டிக்காரத்தனம்தான். சூரியனை விட்டுவிடாமல் செய்த கெட்டிக்காரத்தனம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கோபுரத்தில் விளைந்தது கீரை. நெல் அல்ல.

ஒரு கிலோ அரிசிக்கு 100 யூனிட்

காரணம் என்ன? வெளிச்சம்.

கீரையில் தண்டும் இலையும் எல்லாமே உணவு. அதில் பெரும்பகுதி தண்ணீர். இருபது, இருபத்தைந்து நாளில் பறித்துவிடலாம். நெல் அப்படியா? குறுகிய காலப் பயிருக்கே நூறு நாளுக்கு மேல் வேண்டும். பாதி உடம்பு வைக்கோலாகப் போய்விடும். மிஞ்சுகிற மணியோ ஈரம் வற்றிய கெட்டிப் பண்டம். அத்தனையும் வெளிச்சத்தைத் தின்று வளர்ந்தது.

வெறும் விளக்கொளியில் ஒரு கிலோ அரிசி விளைவிக்க, சிக்கனமான எல்.இ.டி. விளக்கு போட்டாலும், 100 யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் எரியும். 2016-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசம் என்று அறிவித்ததே, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்? அது முழுவதும் ஒரு கிலோ அரிசியோடு சரி! வயலில் அந்த வேலையைச் சூரியன் சும்மா செய்கிறது.

கோதுமைக்கும் இதே கதைதான். 2020-ல் விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு ஹெக்டேரில் பத்து அடுக்கு வைத்தால் ஆண்டுக்கு 700 டன் முதல் 1,940 டன் வரை கோதுமை எடுக்கலாமாம். உலகச் சராசரியோ வெறும் 3.2 டன். வாயைப் பிளக்க வைக்கும் எண்! ஆனால் விளக்குச் செலவைப் பார்த்தால் சந்தை விலைக்குக் கட்டாது என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

கீரை மட்டும் விளைத்தவர்களும் தப்பவில்லை. அமெரிக்காவில் பேர் பெற்ற "ஏரோஃபார்ம்ஸ்" கம்பெனி 2023-ல் கடன் தாளாமல் கோர்ட்டுக்குப் போனது. "பவரி" கம்பெனி 2024-ல் கதவைச் சாத்தியது. 2030-க்குள் நாட்டின் உணவுத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019-ல் சொன்ன சிங்கப்பூர், 2025-ல் அந்த இலக்கைக் கைவிட்டது.

விளக்கு வேண்டாம், மொட்டை மாடி வெயிலிலேயே நெல் நடலாமே என்பீர்கள். அரை அடி ஆழத்துக்குச் சேறு வேண்டும். ஒரு சதுர மீட்டரில் அதன் எடை ஏறக்குறைய 250 கிலோ. மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் இன்னும் 50 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டிட விதி வைத்திருக்கும் சுமை, சதுர மீட்டருக்கு 150 கிலோதான். நெல் விளையுமோ என்னவோ, கூரை விழும்!

கொடிக்கால் சொல்லும் பாடம்

அப்படியானால் இந்த யோசனையே வீணா? இல்லை. நாம் அதை எடுத்துக்கொள்ளும் இடம் வேறு.

மேல்நோக்கி விவசாயம் செய்வது காவிரிக் கரைக்குப் புதிது அல்ல. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலை எப்படி வளர்கிறது? கொடிக்காலில் அகத்தியை நட்டு, அதன் மேல் கொடியை ஏற்றுகிறார்கள். அகத்தி நிழலும் தரும், கீரையும் தரும். ஒரே குழியில் இரண்டு விளைச்சல், விளக்குச் செலவு இல்லை! கொல்லையில் அவரைப் பந்தல் போட்ட நம் பாட்டிமாரும் இந்த வித்தை தெரிந்தவர்கள்தான்.

டெல்டாவில் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்கெல்லாம் நெல் கொடுக்கிறோம். குழம்புக்குக் காய் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மலையிலிருந்தும் லாரியில் வருகிறது. நன்செயில் தண்ணீர் நிற்கும். காய்கறிக்கு அது ஆகாது. ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயூரம் ஊர்களில் எத்தனை மொட்டை மாடிகள் வெயிலில் சும்மா காய்கின்றன!

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14-ல் மாடித் தோட்டத் திட்டத்தை முதலில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. மானிய விலையில் கிடைத்த ஒரு தொகுப்பில் 6 பைகள், 2 கிலோ எடையுள்ள தென்னை நார்க் கட்டிகள் 6, 6 வகை விதைகள், உயிர் உரம், வேப்ப எண்ணெய் எல்லாம் இருந்தன. சேறு இல்லை, கூரைக்கு ஆபத்து இல்லை. நனைந்த பை பத்துக் கிலோவைத் தாண்டும். அதனால் மாடி நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசைப்படுத்துவது நல்லது. மர உத்திரம் போட்ட பழைய மச்சு வீடாக இருந்தால் மாடி வேண்டாம். முற்றமும் கொல்லையும் போதும்.

அடுக்கு எப்படி வைப்பது? நவராத்திரிக் கொலுப் படியைப் பாருங்கள்! ஒன்றன் மேல் ஒன்றாக வைக்காமல், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக உயரும். மேல் படி கீழ்ப்படியின் வெயிலை மறைக்காது. கீழே கீரை, நடுவே கத்தரியும் மிளகாயும், கடைசிப் படியில் புடலை, பாகல். அக்கினி நட்சத்திரத்தில் பச்சை நிழல்வலை வேண்டும். பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் கூரை ஓதம் காக்காது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடித் தூம்பைச் சுத்தம் செய்யாவிட்டால் வீட்டுக்குள் ஒழுகும். தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு குடியேறும்.

நெல்லிலும் அடுக்கில் ஏறக்கூடியது ஒன்று உண்டு. நாற்று! ஒரு ஏக்கருக்கு முன்பெல்லாம் 8 சென்ட் நாற்றங்கால் விட்டோம். திருந்திய நெல் சாகுபடியில் பாய் நாற்றங்கால் 1 சென்ட் போதும். நடவு யந்திரத்துக்குத் தட்டில் வளர்க்கிறார்கள். ஆனால் நாற்று வயலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

வயல் இருக்கிறதா?

1960-61-ல் தீவிர விவசாயத் திட்டத்துக்கு நாடு முழுவதிலும் முதலில் 7 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் தஞ்சாவூர் ஒன்று. சில ஆண்டுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 நெல்லைக் கொடுத்தது. குறுவையின் முகமே மாறியது. விளைச்சல் ஏறியது வயலில்.

இன்றோ ஊர் எல்லையில் அந்த வயலிலேயே மனைக்கல் நிற்கிறது. "இனிமேல் விவசாயம் கட்டிடத்துக்குள் வந்துவிடும், நிலம் எதற்கு?" என்ற பேச்சு, மனை போடுகிறவர்களுக்குத் தேன்!

2020 பிப்ரவரியில் சட்டசபை டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆக்கியது. தாமிர உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது முதலியவற்றுக்குத் தடை. நல்ல சட்டம். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் வீட்டு மனை இல்லை! நன்செயை மாற்ற அனுமதி வாங்க வேண்டும் என்று வேறு விதி இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டும் என்றால், அனுமதி கிடைக்கும் என்றும் அர்த்தம்.

டெல்டாவில் பல இடங்களில் தண்ணீர் வயல் விட்டு வயல் பாய்கிறது. மேலே ஒரு வயலை மேடாக்கி மனை போட்டால், கீழே உள்ள வயல்களுக்குப் பாசனமும் போச்சு, வடிகாலும் போச்சு. இரண்டு போகம் நட்டம் பட்டவர் தாமும் விற்கிறார். ஒரு மனை இப்படித்தான் பத்து மனை ஆகிறது.

வீட்டு மனை என்ற வரியை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வீடே கட்டக் கூடாது என்பது இல்லை. மேட்டு நிலம் இருக்கிறது. நகரத்துக்குள் மாடிக்கு மேல் மாடி எழுப்ப இடம் இருக்கிறது. அடுக்கில் ஏற வேண்டியது வீடு.

சட்டம் திருந்தும் வரை கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தேதிகளில் கூடுகிறது. "நம் ஊர் வாய்க்காலில், கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை மதகு மனைக்கு அடியில் போயிற்று?" என்று எழுந்து கேட்கலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.